கார்புரேட்டரைக் கழற்றப் பூக்கேட்டது

எங்கள் காருக்கு வயது என் கல்யாணத்தைவிட அதிகம். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் மாவு மில்லோடு சேர்த்து அப்பா எனக்கு விட்டுப்போனது. மற்ற நாளில் அதில் அரிசி மூட்டையும் ஏறும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், குலதெய்வம் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு, மோகனூர் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் அதில்தான் வரும். அதனால் அந்த வண்டியில் கறி ஏற்ற மாட்டோம். நான் செருப்புப் போட்டு அதை ஓட்டியதில்லை.

நாலைந்து வருஷமாகக் கார்புரேட்டர் படுத்த ஆரம்பித்தது. காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டும். சித்திரை வெயிலில் சூடேறினால் பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும். பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நோம்பிக்குத் தீர்த்தம் எடுத்து வருகையில் புதுச்சத்திரம் பக்கத்தில் நின்றேவிட்டது. குடத்தை மடியில் வைத்திருந்த பெரியவர்கள் கொதிக்கிற வண்டிக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தீர்த்தத்தைத் தரையில் வைக்கக்கூடாது என்று யாரும் இறங்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

என் மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல கைவேலைக்காரன். தீர்த்தத்தோடு வண்டி நின்றதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

“கார்புரேட்டரத் தூக்கிக் கடாசீட்டு பைக்கோட திராட்டில் பாடிய மாட்டிரலாம் மச்சான். அப்பறம் சோக்கும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம்.”

அடிபட்ட பெரிய பைக் ஒன்றிலிருந்து நாலு திராட்டில் பாடியைக் காயலான் கடையில் எடுத்து வைத்திருந்தான். சிலிண்டருக்கு ஒன்று. காற்றை விடுவதற்கு ஒரு குழாய், அதற்குள் திறந்து மூடும் வட்டத் தகடு, பக்கத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். எவ்வளவு பீய்ச்சுவது என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சொல்லும். கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் பழைய மேனிபோல்டுக் குழாயை அறுக்க வேண்டும், பெட்ரோல் திரும்பி வர டேங்க்கில் துளை போட வேண்டும் என்றான். தீர்த்தம் சுமக்கிற வண்டியை அறுக்க நான் யார்?

“சாமிகிட்டப் பூக்கேட்டுட்டுத்தான் மாப்ள” என்றேன்.

“கேளுங்க. நானா வேண்டாங்கறேன்?”

எங்கள் பக்கம் நாமாக முடிவெடுக்கக் கூடாத காரியத்துக்குப் பூக்கேட்பதுதான் வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் வைப்போம். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே அப்புறம் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்க மாட்டோம். அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவோம்.

அன்றைக்கு நான் குளித்து ஈரவேட்டியோடு வருவதற்குள் மச்சினனே பொட்டலம் மடித்துக் கொண்டுவந்திருந்தான். யார் மடித்தால் என்ன என்று இருந்துவிட்டேன். கும்பிட வந்திருந்த யார் வீட்டுப் பெண்குழந்தையோ எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு பொட்டலத்தை நானே கிணற்றில் போட்டேன். பார்த்தவர்களிடமெல்லாம், சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது என்று சொன்னேன். மில்லுக்கு வந்தவர்களிடம் சொன்னேன், கோயில் கட்டளைக்காரர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இரண்டு மாதம் வண்டி பட்டறையில் கிடந்தது. பைக்கில் நாலு குழாயும் நெருக்கமாக இருக்கும், கார் இன்ஜினின் துவாரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும். மச்சினன் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, நீளக் கம்பி போட்டு, அலுமினியத்தில் புது மேனிபோல்டு கடைந்து மாட்டினான். முதலில் ரப்பர் இணைப்பில் காற்று இழுத்து ஐடிலிங் ஏறி ஏறி இறங்கியது. கிளாம்பை மாற்றி, நாலு தகடும் ஒரே அளவு திறக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சரி செய்தான். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைச் சங்ககிரி ரோட்டில் ஓட்டச் சொன்னான். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மிதித்தால் நாலு குழாயும் காற்றை இழுக்கும் சத்தம் நெஞ்சில் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டேன்.

கடைசி வேலைக்காக வண்டி இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருந்தது. நோம்பிப் பத்திரிகை வந்ததும் முதல் பத்திரிகையை மச்சினனுக்கு வைக்கலாமென்று குங்குமம் தடவி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மத்தியானம். பட்டறை வாசலில் ரிக் லாரி ஒன்று நின்றது. அதற்கு அந்தப்பக்கம் என் வண்டி, பானெட் திறந்திருந்தது. டிரைவர்கள் இரண்டு பேர் டீ கிளாஸோடு இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க மச்சாங்கிட்ட வண்டிய வாங்கறதுக்குள்ள உசுரு போயிருச்சுங்க” என்று மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான். “பூக்கேட்டாத்தான் தருவேன்னுட்டாரு.”

“அப்பறம், சாமி குடுத்துருச்சா?” என்றார் ஒரு டிரைவர்.

“குடுக்காம எங்க போகும்? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவு.”

“அடப் பாவி. சாமிக்கே செட்டிங் போட்டுட்டியா?”

“நான் மட்டுமாங்க? எங்க அக்காதான் பூவே பறிச்சுக் குடுத்துச்சு.”

சிரித்தார்கள். நான் லாரியைச் சுற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் போனேன். மச்சினன் கிளாஸைக் கீழே வைத்தான்.

“வாங்க மச்சான். எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான்” என்று சொல்லிப் பத்திரிகையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

“ஏனுங்க, செவப்பு வந்திருந்தா அந்த வண்டி அப்படியே துருப்புடிச்சுக் கெடந்திருக்கும். அடுத்த நோம்பிக்கும் நடுரோட்டுல நின்னு அழுவீங்க. அதப் பாக்க மாட்டாமத்தான் செஞ்சேன்.”

“சாமிகிட்ட கேட்டதும்மா அது.”

“சாமிக்கு இஷ்டமில்லீன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆயிருக்காதுங்களே. ஓடுதல்ல? அதுவே உத்தரவுன்னு வெச்சுக்கங்க.”

நான் எட்டாவது படித்தவன். அவள் சொன்னது தப்பு என்று மனசுக்குத் தெரிந்தது, எங்கே தப்பு என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. வெள்ளை வரவேண்டுமென்று நானும் ஆசைப்பட்டேன், அது உண்மை. சிவப்பு வந்திருந்தால் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டிருப்பேன், அதுவும் உண்மை. சாமி என்ன சொல்லியிருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழியை இரண்டு பேரும் சேர்ந்து அடைத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, இருபத்திரண்டு வருஷமாக என்னோடு ஒரே விளக்கில் எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டவள்.

நோம்பிக்கு நாலு நாள் முன்னால் பூசாரியிடம் போனேன். விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் கோயில் படியேற முடியாது.

“ஒரே காரியத்துக்கு ரெண்டாந்தரம் பூக்கேக்கலாமுங்களா?”

“வெள்ள வந்ததுக்கப்பறம் எதுக்குங்க? குடுத்தத நம்பலீன்னு ஆயிருமல்ல” என்றார்.

பழையபடி கார்புரேட்டரையே மாட்டிவிடலாமா என்றும் பார்த்தேன். அறுத்த மேனிபோல்டு இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

தீர்த்தம் எடுக்கப் போகும் அன்றைக்கு வண்டி எங்கள் வாசலில் கழுவித் துடைத்து நின்றது. மச்சினன் மாலை வாங்கி வந்து முன்னால் கட்டியிருந்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் போகிற டெம்போவில் ஏறி உட்கார்ந்தேன். வீட்டுக்காரியும் வந்து ஏறினாள். மச்சினன் வண்டிப் பக்கத்திலேயே நின்றான்.

காவிரியில் குளித்து, குடத்தில் நீர் மொண்டு, மஞ்சள் துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். நாமக்கல் தாண்டும்போது என் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்.

“ஏனுங்க, சாமி உத்தரவு குடுத்த வண்டின்னு ஊரெல்லாம் சொன்னீங்க. கொண்டாரலீங்களா?”

அவள் எனக்கு முன் பலகையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

“ரிப்பேருங்க” என்றேன்.

அப்படிச் சொல்கையில் என் இரண்டு கையும் தீர்த்தக்குடத்தின் மேல் இருந்தன. பெரியவர் தலையாட்டிவிட்டு, புதுசு புதுசாக எதையாவது மாட்டினால் அப்படித்தான் என்று அந்தப்பக்கம் இருந்தவரிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் குடம் சிந்தாமல் பிடித்துக்கொண்டேன்.