ரொக்கெட்காரரின் மகள்

கார்ல்ஸ்ரூஹேயில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஜெர்மன் அம்மா தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். ஞாயிறுகளில் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிடுவார். இலங்கையிலிருந்து அகதியாக வருகிற எங்கள் ஆட்களுக்கு நான் அலுவலகங்களில் மொழிபெயர்க்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். போர்க்காலத்தில் லண்டன்மேல் விழுந்த ரொக்கெட்டுகளின் இயந்திரத்தில் வேலை செய்த பொறியியலாளர் அவர். ஜெர்மனி தோற்றதும் அப்படியானவர்களைப் பிடிக்க வென்ற நாடுகள் போட்டி போட்டன. பிரான்சும் தன் பங்குக்குக் கொஞ்சப் பேரைக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போனது. சேன் ஆற்றுக்கு மேலான மேட்டில், காட்டுக்குள் மரவீடுகளில் இருத்தியது. வானத்தை ஆராய்கிற ரொக்கெட் ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். அமிலமும் மண்ணெண்ணெயும் சேர்ந்து எரிகிற இயந்திரம்.

"அப்பாவின்ரை விரலெல்லாம் அமிலம் பட்டு மஞ்சளாய் இருக்கும்," என்றார். "இயந்திரத்தை எரிச்சுப் பார்க்கிற நாளிலை யன்னல் அதிரும். பிள்ளையள் நாங்கள் வெளியிலை ஓடிவந்து கைதட்டுவம்."

பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து ஷெல் விழுகிறதைக் கேட்டு வளர்ந்தவள் நான். "எனக்கு உந்தச் சத்தத்தைத் தாங்க ஏலாது," என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "பொய் எண்டு தெரிஞ்சுகொண்டும் மொழிபெயர்த்திருக்கிறீங்களோ?"

"ஓம். அவையள் சொல்லுறதைத்தான் நான் சொல்லலாம்."

"நானும் செய்தனான். அப்ப நான் சின்னப்பிள்ளை, பொய் எண்டு பிறகுதான் தெரிஞ்சது."

மரவீடுகளுக்குப் பக்கத்துப் பிரெஞ்சு ஊரில் ஒரு தச்சர் இருந்தாராம். போர்க்காலத்தில் ஜெர்மன்காரர் பிடித்துக்கொண்டு போய், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கத்துக்குள் அதே ரொக்கெட்டுகளைச் செய்ய வைத்த கைதிகளில் ஒருவர். அங்கே பட்டினியாலும் அடியாலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தப்பிவந்த தச்சர் ஒரு மாலை மரவீட்டு வாசலில் வந்து நின்றார். தகப்பனுக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த மகள்தான் நடுவில் நின்றாள்.

"நீங்கள் சுரங்கத்துக்குள்ளை வந்தனீங்களோ, எங்களைக் கண்டனீங்களோ எண்டு அந்த மனுசன் கேட்டது. 'நான் அங்கை போகேல்லை' எண்டார் அப்பா. அப்படியே சொன்னன். தச்சர் எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போனார். உள்ளை வந்தால் அம்மா அழுதுகொண்டு நிக்கிறா. 'போனனீங்கள்தானே, ஏன் பிள்ளையைக் கொண்டு சொல்ல வைச்சனீங்கள்' எண்டு கேட்டா."

போன வசந்தத்தில், இப்போது நினைவிடமாகியிருக்கிற அந்தச் சுரங்கத்துக்குத் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார். ரயிலில் போனோம். உள்ளே கடும் குளிர். வழிகாட்டியின் கைவிளக்கு வெளிச்சத்தில் தண்ணீருக்குள் துருப்பிடித்த இரும்புகள் தெரிந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் நடந்தது. அதில் தலை நரைத்த பெண் ஒருவர் தன் தாத்தா இங்கே இறந்ததாக வழிகாட்டியிடம் சொன்னார்.

என் கையை விட்டுவிட்டு ஜெர்மன் அம்மா அவரிடம் போனார். பிரெஞ்சில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் இறுகியதைக் கண்டேன். அவர் ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு நடந்தார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்ரை அப்பா இஞ்சை வந்தவர், எல்லாத்தையும் கண்டவர் எண்டு சொன்னன்."

"அவ என்ன சொன்னா?"

"தனக்குத் தெரியுமாம். அப்பா மாதிரி ஆக்கள் வந்திருக்காமல் இதெல்லாம் எப்படி நடந்திருக்கும் எண்டு கேட்டா."

அவர் அழவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிரிலிருந்த மலையைப் பார்த்தபடி இருந்தார். ரயிலுக்கு நேரமாகும்வரை நானும் பக்கத்தில் இருந்தேன்.