லூப்பில் நின்ற பக்கம்

தல்லாகுளம் நாளிதழ் அலுவலகத்தில் நான் துணையாசிரியராக இருந்தபோது, ஒரு மதியம், இறந்தவர் என்று நாங்கள் அச்சடிக்கவிருந்த மனிதர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் இணைப்பிதழில் அவருடைய அண்ணனுக்கு முதலாமாண்டு நினைவஞ்சலி. குடும்பத்தார் தந்த படத்தில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். படத்தை வெட்டியவர் அண்ணனை நீக்கிவிட்டுத் தம்பியை வைத்துவிட்டார். பக்கத்தின் மாதிரி குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் போனதும் தம்பி நேரில் வந்துவிட்டார்.

"எனக்கு நானே மாலை போட்டுக்கிறதாண்ணே?" என்றார். குரலில் கோபம் இல்லை.

படத்தை மாற்றினோம். ஆனால் பழைய பக்கம் முந்தின இரவே அச்சகத்துக்குப் போயிருந்தது. அச்சகம் கீழக்குயில்குடி மலைக்குப் பின்னால். அங்கே செல்போனில் பேச முடியும். பக்கம் அனுப்ப முடியாது. அதற்கென்று தனி டேட்டா லைன் உண்டு. புதிய பக்கம் அதில் ஏறி, அப்படியே நின்றது. அச்சகப் போர்மேனைக் கூப்பிட்டேன்.

"அடுத்த வேலைக்கு ஆளுக நிக்கிறாங்க. அரைமணி நேரம் பாப்பேன். அப்புறம் இருக்கிறத ஓட்டிருவேன்" என்றார்.

லைன் நிறுவனத்தின் கண்காணிப்பு அறைக்குப் பேசினால், "எங்க ஸ்கிரீன்ல பச்சைதான் சார்" என்று பதில். எங்கள் அலுவலகத்து லைன் பெட்டியிலும் பச்சை விளக்கு. அதுதான் எனக்கு விளங்கவில்லை. வழி திறந்திருக்கிறது, போனது எதுவும் போய்ச் சேரவில்லை.

எங்கள் கணினிப் பிரிவுப் பெண், லைனில் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று திரையில் எடுத்துக் காட்டினார். இரண்டும் ஒரே எண்.

"நல்லதுதானே?" என்றேன்.

"எந்த வீட்லண்ணே புருஷன் பேசுறதும் பொண்டாட்டி பேசுறதும் சரிக்குச் சரியா இருக்கு? நாம அனுப்புனது அம்புட்டும் நமக்கே வருது. அங்க லூப்ல கிடக்கு."

லூப் ஒரு சோதனை நிலை. அதில் போட்டுவிட்டால் எதிர்முனைப் பெட்டி வந்ததை உள்ளே வாங்காமல் அப்படியே திருப்பி அனுப்பும். திரும்பி வந்தால் வழியில் பழுதில்லை என்று பொருள். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் பச்சை விளக்கு எங்கள் குரலையே கேட்டு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் என் போனை வாங்கிப் போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார். "பெட்டியில மஞ்ச லைட் ஏதும் மினுக்குதா?"

"காலையில லைன்காரரு வந்துட்டுப் போனதுலருந்து மினுக்குதும்மா. புதுசா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க. கீழ ஒரு சுவிட்ச் இருக்கும், அத அணைங்க."

எங்கள் பச்சை ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. பக்கம் நகர்ந்தது. இப்போது எண்கள் பிரிந்தன. போனது மளமளவென்று ஏறியது. வந்தது கொஞ்சம்தான், கதை கேட்பவர் 'ம்' கொட்டுகிற அளவுக்கு.

"போயிருச்சு" என்றேன். அந்தத் தம்பி எழுந்திருக்கவில்லை.

"பச்சை லைட்ட நான் நம்ப மாட்டேண்ணே. அங்கிட்டு ஒரு ஆளு பாத்துச் சொல்லட்டும்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவரே கேட்டார்: "படத்துல மீசை இருக்கா?"

"பெரிய மீசை. முறுக்கி விட்டிருக்காரு. நீங்க யாரு?"

"அவரு தம்பி" என்றவர், மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"அப்ப வாரேண்ணே."