பென்சிலில் எழுதிய கோலிவா

கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் கணக்கர் பொம்பிலியு முதலில் தொப்பியைக் கழற்றுவார். வங்கி அட்டையில் காசு வாங்கும் எந்திரம் துப்பிய சீட்டுகளை அதற்குள் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் நீவி மேசையில் வைப்பார். சாஃப்தாவின் ரொட்டிக்கடைக்கு அந்த எந்திரம் வந்த முதல் மாதமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கல்லாவில் பதிந்ததைவிட வங்கியில் விழுந்தது தினமும் கொஞ்சம் குறைந்திருந்தது. கல்லாவில் இருப்பவள் நாத்தனார் ரோதிகா. நாலாம் வகுப்போடு நின்ற சாஃப்தாவுக்கு வேறெப்படித் தோன்றும்?

"மாவுதான் கையில ஒட்டும்னு நெனச்சேன். காசும் ஒட்டுது போலிருக்கு" என்று காலையில் சொல்லியும்விட்டாள். ரோதிகா உள்ளே போய் அழுதுகொண்டிருந்தாள்.

பொம்பிலியு தலை நிமிரவில்லை. "என் தப்பும்மா. நூறு லெய்க்கு வித்தா ஒண்ணரையை வங்கி எடுத்துக்கிட்டு மீதியத்தான் போடும். சொல்லாம விட்டுட்டேன்."

உண்மையில் அவர் முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார். மாலை ஜெபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போதுதான் சாஃப்தாவுக்கு அது நினைவு வந்தது. ரோதிகாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

பொம்பிலியுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோட்டின் ஒரு பையில் சூரியகாந்தி விதை, மறு பையில் இருபுறமும் சீவிய பென்சில். வங்கிக்கு வந்ததை மட்டும் விற்பனை என்று எழுத அவர் கை ஒப்பாது. விற்றது ஒரு பத்தி, வந்தது ஒரு பத்தி, நடுவில் வங்கி தின்றது. அந்த நடுப் பத்திக்குத் தலைப்பு 'கோலிவா.' செத்தவர் பேரில் கோவிலில் கொடுப்போமே, அந்த அவித்த கோதுமை. கொடுத்தால் திரும்பக் கேட்க முடியாதாம்.

"அப்ப செத்தது யாரு?" என்பாள் ரோதிகா.

"நாமதான்."

மாதாமாதம் மூவரும் இதற்குச் சிரித்தார்கள். அதே கடையில் நிஜக் கோலிவாவும் விற்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மார்ச் மாதம் வந்த வரி அதிகாரி நோட்டைப் புரட்டினார். தினமும் கோலிவா: பதினான்கு லெய், பதினேழு லெய். கோலிவா விற்ற காசு என்றே எடுத்துக்கொண்டார்; மூன்று வருடமாக ஒன்றுக்கும் ரசீது இல்லை. பொம்பிலியு பழைய சீட்டுகளைத் தொப்பியோடு நீட்டினார். அவரே தன் வீட்டில் வெயில் படும் அலமாரியில் அடுக்கி வைத்தவை. எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. வேடிக்கைக்கு எழுதியது என்று அவர் சொல்ல, கணக்கு நோட்டில் வேடிக்கை எழுதுகிறவரை இப்போதுதான் பார்ப்பதாக அதிகாரி சொன்னார். வங்கிக்கு விவரம் கேட்டு எழுதினார்கள். பதில் வருமுன் அபராதத்தின் கெடு வந்துவிட்டது.

அடுப்பு விலை போனது. ரோதிகா இத்தாலியில் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பஸ் ஏறினாள். அவரிடம் கணக்குக் கொடுத்திருந்த மற்றக் கடைக்காரர்கள் பொம்பிலியுவைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போனார்கள்.

தன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுமுன் பொம்பிலியு கடைசியாக வந்தார். தொப்பியைக் கழற்றினார், உள்ளே போட ஒன்றுமில்லை. அவர் வாய் திறக்குமுன் சாஃப்தா முந்திக்கொண்டாள். "என் தப்புண்ணே. நான்தானே சீட்டை வெயில்ல வெச்சேன்."

அவர் வெறும் மேசையைக் கட்டைவிரலால் நீவினார்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேம்மா. இன்னிக்கு நீ சொல்லாதே."