இரண்டாவது பிரேக்

என் கணவருக்குப் பல்செட் செய்கிற தொழில். பல் டாக்டர்கள் வாய் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதைப் பார்த்து மெழுகில் வடித்து, ஈறு நிற அக்ரிலிக்கில் வார்த்து, பல்லைப் பதித்துத் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பெரியவர்கள் சிரிப்பது இவர் கைவேலைதான். ஆனால் இவர் சிரிக்க மாட்டார். அதுவும் அந்தக் காரைப் பிரித்துப் போட்டிருந்த காலத்தில் இவரிடம் ஒரு புன்னகை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கார் என் மாமியாருடையது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கூல் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு கார், ஒரே ஒரு டீச்சர், வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். உருண்டை மூக்கு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி, முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீள சீட்டு. அப்போதே அது பழைய வண்டிதான். பழகுகிறவர் ஓட்ட, அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்து, கம்பி போட்டு ஓட்டுகிறவர் பக்கத்தோடு இணைத்திருந்தார்கள். நாம் ஏதாவது தப்புச் செய்தால் நம் கால் அசையாமலே வண்டி நிற்கும். அதனால்தான் அவருக்கு பிரேக்கம்மா என்று பெயர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் பிரேக்கம்மா. அவருக்கும் அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

நானும் அந்த வண்டியில் பழகினவள். தபால் பிரிக்கிற வேலையில் சேர்ந்த புதிது. வேன் ஓட்டத் தெரிந்தால் நாள் முழுக்க ஒரே அறையில் தூசி தின்ன வேண்டாம், வெளியே போகலாம் என்றார்கள். சரி என்று போய்ச் சேர்ந்தேன். விடியற்காலையில் இவர் வாளியும் துணியுமாக வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். தலை நிமிர மாட்டார். வண்டி துடைக்க டீச்சர் ஆள் வைத்திருக்கிறார் போல என்று நினைத்து ஒரு நாள் அதிகாரமாக, "கண்ணாடிய சரியா துடைங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடியே மறுபடியும் துடைத்தார். டீச்சரின் மகன் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த சீட்டின் வாசனை வந்துவிடும். வெயிலில் காய்ந்த ரெக்சின், கொஞ்சம் பெட்ரோல், அத்தை கைப்பையில் இருக்கும் ஏலக்காய். தண்ணீர்த் தொட்டி முனைதான் எல்லாருக்கும் எமன். அங்கே திரும்புவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்து, தோளைத் திருப்பிப் பின்னாலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் பார்த்த மாதிரி பாவனை செய்வேன். அத்தை ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் வண்டி டக்கென்று நிற்கும்.

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர்."

"பாக்கல. முதல்ல இருந்து வா."

முதல்ல இருந்து என்றால் வீட்டு வாசலிலிருந்து. மறுபடியும் அத்தனை தெருவும். இந்தம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறதா என்று நாங்கள் புலம்பிக்கொள்வோம். கடைசியில் நான் டெஸ்ட் பாஸானதும் அத்தை நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணு கிளட்ச பதறாம விடுறா, என் பையனுக்குக் குடுக்குறீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். இப்படியும் ஒரு பெண் கேட்பு உண்டா என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு தடவை அத்தைக்கு லைசன்ஸ் புதுப்பித்துத் தரவில்லை. கண் பரிசோதனையில் ஓரப் பார்வை குறைந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தை வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில் விடச் சொல்லி, தார்ப்பாயைப் போர்த்தினார். அன்றிலிருந்து எந்தக் காரிலும் ஏறவில்லை. கல்யாணமோ சாவோ, நடந்து போகிற தூரமென்றால் போவார், இல்லையென்றால் இல்லை. நாங்களும் சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டோம்.

சில வருடம் போய், கண் டாக்டரும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம். போன பார்வை திரும்பி வராது, மிச்சமிருப்பதும் மெல்ல மெல்லக் குறையும், சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தார். நான் பின்னாலேயே போனேன்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியும்போதே இந்த வண்டி புதுசா நிக்கணும். அவங்க பாக்கணும், ஏறணும்" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டைப் பார்க்க வேண்டுமே! வேலை முடிந்து வருவார், கொட்டகைக்குள் நுழைவார். விடுமுறை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். என் குழம்புச் சட்டியில் கார்புரேட்டர் ஊறியது. துணி காயப்போடும் கொடியில் வயர் தொங்கியது. கியர் கம்பியின் குமிழ் பாதியாக உடைந்திருந்தது. அதற்கு இவர் மெழுகில் அச்சு செய்து, தனக்குத் தெரிந்த அதே அக்ரிலிக்கில் வார்த்தார். கைவசம் ஈறு நிறம்தான் இருந்தது. வழுவழுவென்று இளஞ்சிவப்பாக ஒரு கியர் குமிழ். "தொட்டா கடிச்சிருமாங்க?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. கறுப்பு வரவழைத்து வேறு செய்தார்.

கம்பெனி அந்த வண்டிக்குப் போட்ட பழைய படப்புத்தகம் ஒன்று எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. அதிலிருந்து பிடித்தது சனி. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டுமாம், ஒரு திருகாணிகூட மாறக் கூடாதாம். அத்தை பக்கத்து பிரேக்கையும் கிளட்சையும் கழற்றிப் போட்டார். புத்தகத்தில் அது இல்லையே!

"அது அத்தை கால் வைக்கிற இடம்ங்க" என்றேன்.

"பின்னாடி சொருகினது அது. ஓட்டை போட்டு தரையவே கெடுத்து வச்சிருக்காங்க" என்றார். ஓட்டையை வெல்டிங் செய்து அடைத்து, தேய்த்து, வழித்து, அங்கே அப்படி ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் செய்துவிட்டார். வேண்டாத சாமான்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டபோது அந்த பிரேக் பெடலை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எங்கள் பின்வாசல் கதவு காற்றில் படார் படாரென்று அடிக்கும், முட்டுக்கொடுக்கக் கனமாக ஏதாவது வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து பெயின்ட்டில் வந்து நின்றார். அங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. பல் செய்கிறவருக்கு நிறம் என்பது உயிர். ஒரு பல் பக்கத்துப் பல்லைவிட அரைப் பங்கு மஞ்சளாக இருந்தாலும் இவருக்குச் சோறு இறங்காது. கார் ஒருவித வெண்ணெய் நிறம். கதவுக் கீலுக்கு அடியில், வெயில் படாத இடத்தில், பழைய பெயின்ட் ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. பல் நிறம் ஒப்பிட மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்த சீப்பு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்ப்பார். பெயின்ட் கலப்பார், அடிப்பார், காய்ந்ததும் உதட்டைப் பிதுக்குவார். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் அடிப்பார். அதற்குள் அத்தை சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். டம்ளருக்கு வெளியே டீ ஊற்றினார்.

"கலர் கிடக்கட்டும், இருக்கிறத வச்சு முடிங்க" என்று சண்டையே போட்டேன்.

"பாக்கப் போறது கடைசியா. அது தப்பான கலராவா இருக்கணும்?" என்றார்.

ஒரு நாள் ஒரு சின்னத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு பக்கம் பெயின்ட், மறு பக்கம் வெறும் துரு. நிறம் அமைந்துவிட்டது! சின்னப் பையன் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து, "அம்மா, பாரும்மா, அதே கலர்" என்று அத்தை கையில் கொடுத்தார். அத்தை ஜன்னல் பக்கம் போய், தகட்டைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"அதேதான்ப்பா. அச்சு அசல் அதே கலர்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது துருப் பக்கத்தை.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தகட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஆனாலும் வண்டியை முடித்தார். முடிக்காமல் விட்டால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்று பயம். வாசலில் கொண்டு வந்து நிறுத்தி, அத்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அத்தை பானெட்டில் கை வைத்து, விளிம்போடு தடவிக்கொண்டே நடந்தார். கைப்பிடியைத் தொட்டுச் சிரித்தார். ஸ்டியரிங் பக்கம் வந்ததும் கியர் குமிழைப் பிடித்துப் பார்த்து, "இது நீ வார்த்ததா?" என்று கேட்டார். இவர் அந்தப் பக்கக் கதவையே திறந்து, உட்காரும்மா என்றார். அத்தை உட்காரவில்லை. வண்டியை மெதுவாகச் சுற்றி மறுபக்கம் போய், தானே கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால், அந்த வண்டியில் அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து நானும் பார்த்ததில்லை.

உட்கார்ந்ததும் அவர் வலது கால் முன்னால் போனது. தேடியது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். வழுவழுப்பான தரையில் செருப்பு சரசரவென்று தேய்ந்தது. பிறகு காலை இழுத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கப்பா" என்றார். "ஆனா இது வேற யாரோட வண்டியோ மாதிரி இருக்கு."

இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எங்களுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். இவர் முகம் சுண்டிப்போனது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடைத்த ஓட்டை இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து ஒரு ஓரமாக வைத்தார். பழைய இரும்புக்காரரைத் தேடிப் போகிறேன் என்று செருப்பை மாட்டினார்.

நான் உள்ளே போய்ப் பின்வாசல் கதவைப் படாரென்று அடிக்க விட்டுவிட்டு, பெடலைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். அதன் ரப்பர் ஒரு மூலையில் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. இத்தனை வருடம் அத்தையின் கால் மிதித்த மூலை. இவர் அதையே கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் போயிடுச்சே" என்றார்.

"பிரேக் போதும்ங்க. அத்தைக்குப் பேரே அதுதானே" என்றேன்.

கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்த தரையில் இவர் டிரில்லை வைத்தார். புது பெயின்ட் சுருள் சுருளாக வந்தது. நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அழுத்துங்க, அழுத்துங்க என்று விரட்டினேன். இல்லையென்றால் அந்த மனுஷன் கடைசி நிமிஷத்தில் மனம் மாறியிருப்பார். பெடலைப் பூட்டி, புதுக் கம்பி போட்டு இணைத்து, தானே அந்தப் பக்கம் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

அத்தையை மறுபடியும் ஏற்றினோம். சொன்னால் வரமாட்டார் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா வாங்க என்று இழுத்து வந்தேன். உட்கார்ந்ததும் கால் முன்னால் போனது. பெடல் மேல் நின்றது. அத்தை முதுகை நிமிர்த்தி, புடவையைச் சரி செய்துகொண்டு, "எடு வண்டிய" என்றார். அது அம்மா குரல் இல்லை, டீச்சர் குரல். இவர் அவசர அவசரமாக ஸ்டியரிங் முன்னால் ஏறினார். நான் பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன்.

தெருவில் வண்டி உருண்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அத்தை ஒரு காரில் உட்கார்ந்திருக்கிறார். டெய்லர் கடை வாசலில் ஒருவர் எழுந்து நின்று, "பிரேக்கம்மா!" என்று கத்தினார். நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். இவருக்கோ பயம், எங்கே பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடுமோ என்று. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் விறைப்பாக ஓட்டினார். அத்தை முகம் ஜன்னல் பக்கம் இருந்தது, பழைய மாதிரியே வேடிக்கை பார்ப்பது போல. இடம் வரவர, ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும், தலையை ஆட்டிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி முனை வந்தது. இவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

வண்டி டக்கென்று நின்றது. நான் முன் சீட்டில் மோதிக்கொண்டேன்.

"திரும்பிப் பாத்தியா?" என்றார் அத்தை.

"பாத்தேம்மா."

"பாக்கல."

"எப்படிம்மா..." என்று இவர் இழுத்தார். உனக்குத்தான் கண் தெரியாதே என்று வாய்வரை வந்ததை விழுங்கியது எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"கண்ண வச்சு நான் என்னிக்குடா பாத்தேன்?" என்று சீட்டைத் தட்டினார். "ஒரே சீட்டு. நீ தோளத் திருப்பினா இங்க எனக்கு அசையும். அசையல. முதல்ல இருந்து வா."

நாங்கள் வீட்டு வாசலுக்குப் போய் மறுபடியும் கிளம்பினோம். அதே தெரு, அதே டெய்லர், அதே மேடு பள்ளம். முனை வந்ததும் இவர் கண்ணாடியைப் பார்த்து, தோளை நன்றாகத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அவர் கண் நிறைய தண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

சீட்டு அசைந்தது.

"ம், போ" என்றார் அத்தை.