அக்கா வார்த்த தண்ணீர்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. இன்றைய ஆராதனைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் வந்திருக்கும் உறவினர், சபையார் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். எழுதும் பொறுப்பை என்னிடம் தந்த அண்ணா, "நல்லத மட்டும் எழுது" என்றார். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். அக்காவோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவளுக்கு அது இலகுவான வேலையில்லை.

அக்கா பனிச்சங்கேணியில் பிறந்தார். அப்பா அங்கே பாடசாலை அதிபராக இருந்த காலம் அது. ஒன்பது வயது வரை மீனவப் பிள்ளைகளோடு வாவிக் கரையில் வளர்ந்தார். பிறகு நாங்கள் மட்டக்களப்பு நகருக்கு வந்தோம். அப்பா காலமாகி, அம்மாவும் நோயில் விழுந்தபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. வந்த சம்பந்தங்களை எல்லாம் அவரே திருப்பி அனுப்பினார். அண்ணாவையும் என்னையும் படிக்கவைத்தார். பாடசாலையில் சங்கீத ஆசிரியை, சபையில் பாடகர் குழுவின் பொறுப்பாளர். முப்பது வருடம் அவரது ஆர்மோனியம் இல்லாமல் எங்கள் ஆலயத்தில் ஒரு பாட்டும் தொடங்கியதில்லை.

இது எல்லோருக்கும் தெரிந்த அக்கா. எனக்குத் தெரிந்த அக்கா, இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலரைக்கு வருபவர். சோறு ஆறிப்போயிருக்கும். நீரிழிவென்ற சீனி வருத்தத்துக்கு விழுங்கவேண்டிய குளிசையைத் தண்ணீரோடு நீட்டினால் "ஓம், ஓம்" என்பார். பின்னேரம் பார்த்தால் குளிசை ஜன்னல் விளிம்பில் கிடக்கும். கேட்டால் கோபிக்கமாட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடல் பெருக்கெடுத்து வந்த அன்று நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் வீடு வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது. சபை மண்டபம் முழுதும் சனம். மூன்றாம் நாள், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று நான் தைத்து மடித்து வைத்திருந்த சட்டைகளைத் தேடினேன். பெட்டி வெறுமையாக இருந்தது.

"மண்டபத்துப் புள்ளைகளுக்குக் குடுத்திட்டன். உன்ட புள்ள பொறக்க இன்னும் ரெண்டு மாசம் கிடக்குதானே. மறுகா தைப்பம்" என்றார் அக்கா. நான் அழுதேன். அவர் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு மீண்டும் மண்டபத்துக்குப் போய்விட்டார்.

தர்சினி வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவள் கதிரவெளிப் பிள்ளை. தாயைக் கடல் கொண்டுபோனது. தகப்பன் சண்டைக்குள் ஒருநாள் வலை எடுக்கப் போனவர் திரும்பவில்லை. இடம்பெயர்ந்து நகருக்கு அருகே முகாமில், தாயின் தங்கையான சின்னம்மாவோடு இருந்தாள். சின்னம்மாவுக்குத் தன்னுடைய சிறுபிள்ளைகள் மூன்று பேர். நத்தார் காலத்தில், இயேசு பிறப்புப் பாட்டுகள் பாட, பாடகர் குழுவை அக்கா முகாமுக்குக் கூட்டிப்போனார். அங்கே பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்காமலே வந்து அருகில் குந்தி, ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிடித்து அசைக்கத் தொடங்கினாள். மாதக்கணக்காக அவள் யாரோடும் பேசவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "கை கணக்கா அசையுது இந்தப் புள்ளைக்கு" என்று அன்று முழுவதும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

போதகரிடமும் மாதர் சங்கத்திடமும் விடாமல் பேசி, சபையின் பெண்பிள்ளைகள் விடுதியில் அவளுக்கு இடம் எடுத்தார். ஞானஸ்நானம் பற்றிச் சிலர் கேட்டபோது, "அவளுக்கு ஸரிகம சொல்லிக் குடுக்கத்தான் கூட்டி வந்தன்" என்று முடித்துவிட்டார். சின்னம்மா குடும்பம் ஊர் திரும்பிய பிறகும் தர்சினி விடுதியிலிருந்து பாடசாலைக்குப் போனாள். தினமும் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் பாடம். ஆறு மாதம் ஒரே சரளி வரிசை. ஒரு பாட்டாவது சொல்லிக்கொடுங்கள் என்று நானே கெஞ்சினேன். என் மகள் பேசப் பழகுமுன்னே ஸரிகம பாடினாள். ஆனால் ஏழாம் மாதம் தர்சினி வாய் திறந்து, "டீச்சர், மற்றது எப்ப?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததைத்தான் நீங்கள் எல்லோரும் உங்கள் உங்கள் விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை, பாடத்தின் நடுவே அவள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். வழக்கப்படி முதல் தண்ணீரைத் தாய்மாமனின் மனைவி வார்க்கவேண்டும். மாமி கதிரவெளியில். பஸ் சாரதி மூலம் செய்தி அனுப்பினோம். அன்றே இராணுவம் பாதையைப் பூட்டிவிட்டது. ஞாயிறும் திறக்கவில்லை. பிள்ளை பின்னறை மூலையில் அதே உடுப்போடு நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு சுட்டது.

நான் சொன்னேன்: "இன்னும் எத்தின நாளைக்கு வச்சிருக்கப் போறீங்க? காய்ச்சல் கூடினா ஆர் பதில் சொல்லுற? தண்ணிய வாருங்க."

"ஒள்ளுப்பம் பொறுகா. அது அவங்கட உரிமை. மாமி வரட்டும்" என்றார் அக்கா.

பனிச்சங்கேணியில் வளர்ந்தவருக்கு அது தெரியும். எனக்குத் தெரிந்தும் பொறுமையில்லை. வார்ப்பதென்றாலும் மணமான நான் வார்த்திருக்கலாம். ஏதும் பிழைத்தால் என் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று பயந்து, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கையில புள்ள" என்றேன். மகளுக்கு அப்போது மூன்று வயது, இறக்கிவிட்டால் ஓடித் திரிவாள். அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு வாளியை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பாதை திறந்தது. சின்னம்மாவும் மாமியும் பாலும் அறுகம்புல்லும் புதுச் சேலையுமாக வந்து இறங்கினார்கள். குளித்துத் தலைசீவி இருந்த பிள்ளையைப் பார்த்ததும் சின்னம்மாவின் முகம் மாறியது.

"ஆருகா தண்ணி வார்த்த?"

"நான்தான்" என்றார் அக்கா.

"கலியாணம் கட்டாத கையாலயா டீச்சர்? தாயில்லாத புள்ளையெண்டு நினைச்சிற்றீங்களா? எங்களுக்குக் குடியில்லையா, மாமன் மாமியில்லையா?"

அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றேன், நானும் சொல்லவில்லை. தர்சினியின் பையை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்கள். இரண்டு கிழமையில், பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்ப ஆள் பேசுகிறார்கள் என்று கதை வந்தது. படிப்பும் இல்லை, பாட்டும் இல்லை என்றாகிவிடும். சின்னம்மாவையும் நான் குறை சொல்லமாட்டேன். அவமானப்பட்ட வீட்டில் அந்தப் பிள்ளையை எந்த முகத்தோடு திருப்பி விடுவது?

அக்கா ஆர்மோனியப் பெட்டியோடு கதிரவெளிக்குப் போகத் தொடங்கினார். சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும். ஒன்றில் வாசித்தும் காட்டவேண்டியிருந்ததாம். மூன்று தரம் சின்னம்மா வாசலோடு திருப்பி அனுப்பினார். நாலாம் தரம் நிபந்தனை சொன்னார்: சடங்கை ஊரில், சொந்தங்கள் முன்னால் திரும்பச் செய்யவேண்டும். மாமிதான் வார்ப்பார். அது முடியும்வரை டீச்சர் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது.

அக்கா சம்மதித்தார். வருபவர்கள் உட்காரச் சபையிடம் கதிரையும், பந்தல் துணியும் கேட்டார். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "அவங்கட சடங்குக்கு ஆலயத்துக் கதிரையா?" என்றார். போதகர், "கதிரைக்கு ஞானஸ்நானம் குடுத்தது ஆரு?" என்று கேட்டார். சிரிப்போடு கூட்டம் முடிந்தது. எதிர்த்தவரே பலகாரம் சுட்டுக்கொண்டு முதல் ஆளாக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்.

அன்று மாமி தண்ணீர் வார்த்தார். ஆராத்தி எடுத்தார்கள். அக்கா வேலிக்கு வெளியே, மணலில், நடுவெயிலில் நின்றார். வழக்கமாகக் கோயில் வாசலில் கழற்றுவதுபோலச் செருப்பையும் கழற்றி வைத்திருந்தார். குடையைக் கொண்டுபோனேன், வேண்டாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் குடையை மணலில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சொந்தங்கள் கேட்டதால் தர்சினி ஆர்மோனியத்தின் முன் இருந்து அம்மன் பாட்டொன்று பாடினாள். அதை அக்கா எப்போது சொல்லிக்கொடுத்தார் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயிலுக்க நிக்கிற டீச்சரக் கூப்பிடுங்க" என்றார். அடுத்த திங்கட்கிழமை தர்சினி விடுதிக்குத் திரும்பினாள்.

சீனி வருத்தத்தால் மரத்த பாதத்தில் மணல் சுட்டது அக்காவுக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணானது, புண் ஆறவில்லை. சண்டை முடிந்த செய்தி வந்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அன்றல்லாவிட்டாலும் இது வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். கடைசி வாரம் அக்காவிடம், "ஏன் என்ட பேரச் சொல்லல்ல?" என்று கேட்டேன். "சொன்னா நீ ரெண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டா, புள்ளைக்குப் பால் காய்ச்சவும் மறந்திருவா" என்றார். அப்போதும் குளிசை தலையணைக்கடியில்தான் கிடந்தது.

அக்காவைப் பராமரித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், இரவு பகல் முறைவைத்து உடனிருந்த பாடகர் குழுவுக்கும், போதகருக்கும், மாதர் சங்கத்தினருக்கும், ஆர்மோனியத்தைத் தன் இருக்கைக்கருகே வைத்து ஏற்றிச்சென்ற பஸ் சாரதிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்றைய ஆராதனையில் ஆர்மோனியம் வாசித்தவள் தர்சினி.

கடைசியாகத் தர்சினியின் சின்னம்மாவுக்கு. செத்த வீட்டில் நீங்கள், "டீச்சர் தங்கமான மனிசி, அண்டைக்கு மட்டும் அவசரப்பட்டுட்டா" என்று சொன்னீர்கள். நான் உங்கள் கையில் தேத்தண்ணியைத் தந்துவிட்டுப் பேசாமல் போனேன். அவசரப்பட்டது நான். அக்கா பொறு என்றுதான் சொன்னார். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது, தர்சினிதான் இதை வாசித்துக் காட்டுவாள். இந்த இடத்தில் அவள் நிறுத்தினால் விடாதீர்கள், முழுவதையும் கேளுங்கள். நான் உங்கள் வேலிக்கு வெளியே நிற்பேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.