போடிமெட்டுச் சரிவில் பன்னிரண்டு சந்தனவேம்பு மரங்கள்

போடிமெட்டுக்குக் குடும்பத்தோடு போகப்போவதாகச் சொல்லி, பாதை விவரம் கேட்டிருந்தார் ஒரு வாசகர். எனக்குத் தெரிந்த போடிமெட்டு 1983 மே மாதத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ஏன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியர் நான். ஏலமலைக் காடு எந்தெந்த வருடம் வறட்சியில் அடிபட்டது என்பதை மர வளையங்களை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சந்தனவேம்பு வருடத்துக்கு ஒரு வளையம் போடும். துளைக்கருவியை மரத்தில் திருகி எடுத்தால் பென்சில் கனத்தில் ஒரு குச்சி வரும், அதில் எண்ணலாம். வளையம் ஒடுங்கியிருந்தால் மரத்துக்கு அது கஷ்டகாலம். என் பன்னிரண்டு மரங்களிலும் 1974, 1978 இரண்டும் நூலிழையாக ஒடுங்கியிருந்தன. வறட்சி என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதினேன். போடி மழைக்கணக்கு ஒத்துவரவில்லை. மலைக்கு மேலே வேறு வானம் என்று சமாளித்து அதற்கும் நாலு பக்கம் எழுதினேன்.

ஆய்வு நடந்த மூன்று வருடமும் பொங்கல் விடுமுறையில்தான் மலைக்குப் போனேன், ஒற்றை ஆளாக. பிள்ளைகுட்டி இல்லை, மனைவி தவறி ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாணவர்களைத் துணைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பேச்சுச் சத்தம் ஆகாது என்று தட்டிக்கழித்தேன். உண்மையில் எனக்குப் பேசவே மறந்துபோயிருந்தது. ஆய்வேடு தட்டச்சாகி முடிந்து, ஒரு புகைப்படம் மட்டும் பாக்கி என்பதால் அந்த மே மாதம் கிளம்பினேன்.

மதுரையில் காலை ஐந்தரைக்குப் பஸ், போடியில் எட்டே கால். டிக்கெட் ஒன்பது ரூபாய். அங்கே ஏலத்தோட்டத்து ஜீப்பு நின்றது. "வெரசா ஏறுங்க சார், லோடு ஆயிருச்சு" என்றார் டிரைவர். ஏறிய பிறகுதான் உட்கார இடமில்லை என்று தெரிந்தது. இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஐந்து ரூபாய். அத்தனையும் பின்படியில் தொங்கிக்கொண்டு. பத்து மணிக்கு மெட்டில் இறங்கி, என் மரங்கள் நின்ற ஏலத்தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தேன்.

என் ஏழாம் எண் மரத்தின் உச்சியில் ஒருவர் அரிவாளோடு நின்றிருந்தார். கொப்புகள் சடசடவென்று விழுந்தன. "யாருய்யா அது? மரத்தை என்ன பண்றீங்க?" என்று கத்தினேன். இறங்கி வந்தார். பெயர் காசி, போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர், என் வயதுதான் இருக்கும். அந்தத் தோட்டத்தில் மரமேறி.

"கொப்பு கழிக்கிறேன் சார். மழைக்கு முன்னாடி கழிச்சாத்தான் ஏலச்செடிக்கு வெளிச்சம் விழும். வருசா வருசம் கொஞ்சம் எடுப்போம். நெழல் ரொம்ப அடைச்சுப்போச்சுன்னா ஒருக்கா மொட்டையாவே எடுத்துருவோம்."

கடைசியாக மொட்டை எடுத்தது எப்போது என்று கேட்டேன்.

"நான் விழுந்து கால ஒடிச்சுக்கிட்டது அப்பத்தான். அஞ்சு வருசம் ஆச்சு. அதுக்கு முந்தி, மூத்தவ பொறந்த வருசம். அவளுக்கு இப்ப ஒம்பது."

எழுபத்தெட்டு. எழுபத்துநான்கு. இலையே இல்லாத மரம் எதைத் தின்று வளையம் போடும்? வறட்சியுமில்லை, ஒரு மண்ணுமில்லை, இவர் அரிவாள்தான். வெட்டுத் தழும்புகளை நானே பார்த்திருக்கிறேன். காற்று முறித்தது என்று குறித்தும் வைத்திருக்கிறேன்.

காசி தூக்குச்சட்டியைத் திறந்து, பாதிக் கஞ்சியை மூடியில் ஊற்றி நீட்டினார். "மூணு வருசமா வந்து போறீகளாம்ல, வாட்ச்மேன் சொன்னாரு. மரத்துல அப்படி என்னத்தத் தேடுறீக?"

"வயசு" என்றேன்.

"அடப்போங்க சார், எங்கிட்டக் கேட்டாச் சொல்லமாட்டனா?" என்று சிரித்தார். அந்த வருடத்தில் யாரோ எனக்குச் சோறு போட்டது அன்று ஒரு நாள்தான். அவரிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

மலை இறங்கும்போது மாற்றி எழுதத்தான் நினைத்தேன். மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஆகும். அந்தத் தனிமையில் என்னுடையது என்று சொல்ல இருந்ததே அந்த ஆய்வேடுதான். ஆறு மணிக்குப் போடியில் பஸ் ஏறுவதற்குள் மனசு மாறிவிட்டது. ஜூனில் அப்படியே கொடுத்தேன். பட்டம் வந்தது, துறைத்தலைவர் நாற்காலியும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளுமில்லை. மலைக்குப் போக மட்டும் முகமில்லை.

போகிறவர்களுக்கு: போடியை விடியற்காலையில் விட்டுவிடுங்கள், தோட்டத்து ஜீப்புகளுக்கு முன்னால் ஏறிவிடலாம். வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மே மாதமும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். மரத்தில் யாராவது நின்றால் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள்.

இன்னொன்று. ஏலமலை வறட்சியைப் பற்றி யாராவது எழுத உட்கார்ந்தால், நூலகத்தில் என் ஆய்வேடு கிடைக்கும். என்னிடம் படித்த இருவர் அதை மேற்கோள் காட்டியே பட்டம் வாங்கினார்கள். நானே மாலை போட்டு வாழ்த்தினேன். நீங்கள் அதைத் தொடாதீர்கள். நான்காம் அத்தியாயம் பொய். பொய் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.