இரண்டாவது கோடு

கண்ணாடிக் கடையில் அவருக்கு ஒத்தக்கோடு என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

கண்ணாடி வெட்டும் கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு. சர்ர் என்று துணி கிழிவது போல ஒரு சத்தம். மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். அதே கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடும். "விழுந்த கோட்டை நோண்டாதீங்கடா" என்று பத்தொன்பது வருடம் கத்தியவர் அவர்.

பிறகு ஒரு நாள், அவர் வெட்டிக் கொடுத்த கண்ணாடி மச்சினன் தூக்கும்போது கையிலேயே உடைந்தது. மனைவியின் தம்பி, அவரே கடையில் சேர்த்துவிட்டவன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் அதன்பின் மடங்கவில்லை. கடைக்கு வரும்போதே ஓரத்தில் ஒரு கீறல் இருந்ததென்று முதலாளி சொன்னார். மச்சினனும் அதையே சொன்னான். மருத்துவமனை வராந்தாவில் மனைவி மட்டும் கேட்டாள்: "பாத்துத்தானே வெட்டினீங்க?"

பதிலுக்குக்கூட அவள் நிற்கவில்லை. தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்தான் பத்து மாதமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று முறை அளந்தார். அளந்ததை அடுத்தவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். கோடு சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்து, மேலேயே இன்னொன்று போட்டார். கண்ணாடி உடைந்தது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். மேசை சாய்ந்திருக்கிறது என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தார். அதுவரை நேராக இருந்த மேசை அன்றுதான் சாய்ந்தது.

"ஒத்தக்கோட்டுக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்குடோய்" என்றான் கண்ணாடிக்கு மரச்சட்டம் அடிப்பவன்.

ஒரு நாள் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று வந்தது. முதலாளி கூப்பிட்டார்.

"இதுல ஓரத்தை வெட்டி எடுக்கணும். சரியா வந்தா வெட்டுற மேசை உங்களது. இல்லேன்னா துடைக்கிற பக்கம் போயிடுங்க. நானும் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?"

மச்சினன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டான். மடங்காத இரண்டு விரல்களும் கோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"இழுங்க மாமா."

இழுத்தார். சர்ர். அதே பழைய சத்தம். சட்டம் அடிப்பவன் சுத்தியலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"விழுந்துடுச்சு மாமா! கட்டரைக் கீழே வைங்க."

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தரம் மாப்ள. சும்மா, ஒரு நிச்சயத்துக்கு."

அதே கோட்டின் மேல் மறுபடி இழுத்தார். அழுத்தியபோது விரிசல் பாதி வழியில் கோட்டை விட்டு விலகி, குறுக்கே ஓடியது.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் அவர், "கண்ணாடியே சரியில்ல."

முதலாளி அவர் கையிலிருந்து கட்டரை வாங்கி மச்சினனிடம் கொடுத்தார். உடைந்ததில் சின்னதாக ஒன்று தேறும். மச்சினன் மூன்று விரல்களால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

அளவுகோலின் மறுமுனை இப்போது அவரிடம் இருந்தது. கோடு முழுதாக விழுந்திருந்தது.

"எதுக்கும் இன்னொரு தரம் இழுத்துடு மாப்ள."

மச்சினன் கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. கையில பட்டுடப் போவுது."